எண்கள் கோடாகும் விதம்

நோயாளி ஒருவரின் இதய மின்னழுத்தத்தை ஒரு கருவி விநாடிக்கு 250 முறை அளக்கிறது எனக் கொள்வோம். 400 விநாடிகளில் 1,00,000 எண்கள் சேர்ந்துவிடும். அவற்றை வரிசையாகப் படித்து, இதயம் எங்கே தடுமாறியது என்று கூறுவது இயலாத செயல். வரைபடமாக்கினால் கண்ணுக்கு உடனே புலப்படும்.

வரைவதற்கான கட்டளைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. முன்னரே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகள் உள்ளன. இவற்றை 'நிரல் நூலகம்' என்பர். நமது நிரல் எண்களை ஒப்படைத்தால் நூலகம் படத்தை வரைந்து தரும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைந்த யூபிளாட் இத்தகைய சிறு நூலகம். அதன் அளவு ஏறத்தாழ 50 கிலோபைட்டே.

முதல் வேலை அளவு மாற்றம். படத்தின் உயரம் 300 புள்ளிகள். அதில் மைனஸ் 0.5 முதல் 1.5 மில்லிவோல்ட் வரை காட்ட வேண்டும். 1 மில்லிவோல்ட் என்பது கீழிருந்து முக்கால் பங்கு உயரம், அதாவது 225 புள்ளிகள். ஆனால் கணிப்பொறித் திரை மேலிருந்து கீழாக எண்ணுகிறது. எனவே 300-இலிருந்து 225-ஐக் கழித்து, 75ஆம் வரிசையில் புள்ளி வைக்கப்படும்.

அடுத்த சிக்கல் அகலம். படத்தில் 800 நெடுவரிசைகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 125 எண்கள், அதாவது அரை விநாடி. 125 எண்களுக்கு ஒன்றை மட்டும் எடுத்தால் என்ன? துடிப்பின் கூர்முனை ஏறத்தாழ 0.1 விநாடியில், 25 எண்களுக்குள் முடிந்துவிடும். எடுத்த எண் அதற்கு வெளியே விழுந்தால் துடிப்பே மறையும். சராசரி எடுத்தாலோ முனை மழுங்கும். இதயம் 3 விநாடி நின்றிருந்தாலும் எளிதில் தெரியாது.

ஆகவே யூபிளாட் நெடுவரிசைதோறும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் கண்டறிந்து, இரண்டையும் ஒரு செங்குத்துக் கோட்டால் இணைக்கிறது. எண்களை ஒப்பிடுவது கணிப்பொறிக்கு எளிது. கோடு வரைவதே நேரம் பிடிக்கும். இப்போது கூர்முனை எதுவும் தப்பாது. 3 விநாடி நிறுத்தம், முனையில்லாத ஏறத்தாழ 6 நெடுவரிசைகளாகத் தெரியும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அரை விநாடிக்குள் இரண்டு துடிப்புகள் நிகழ்ந்தால் அவை ஒன்றாகவே தோன்றும். ஐயம் எழுந்தால் அப்பகுதியில் 10 விநாடிகளை மட்டும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அப்போது நெடுவரிசைக்கு மூன்று எண்களே வரும். துடிப்புகள் தனித்தனியே பிரிந்து தெரியும்.