கதை முடிந்த பின் நாயகன் எங்கே போகிறான்?

சிறுவயதில் நாம் கேட்ட கதைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முடிகின்றன. நாயகன் பகைவனை வெல்கிறான், கடலைத் தாண்டுகிறான், வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். "அதற்குப் பிறகு எல்லோரும் சந்தோஷமாக வாழ்ந்தார்கள்" என்று கதை சொல்பவர் முடித்துவிடுவார்.

"மறுநாள் காலையில அவர் என்ன செஞ்சார்? கடைக்குப் போனாரா? ராவைக்கு அவருக்கு நித்திரை வந்திச்சா?" என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். உம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்கத் தொடங்கிய பின்னர்தான், அது சிறுபிள்ளைத்தனமான கேள்வியல்ல என்பதை உணர்ந்தேன். உலகின் பெரிய கதைகள் பலவும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கின்றன. அப்பதில்களுள் சிலவற்றை இங்கே நோக்குவோம்.

முதலில் சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் சென்றது வீரம் காட்டுவதற்கல்ல. ஒரு சிலம்பை விற்று, இழந்த வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கே. கணவன் அநியாயமாகக் கொல்லப்பட்டதும், அரசவையிலே நீதி கேட்டு அந்த வணிகக் குடும்பத்துப் பெண் காப்பிய நாயகியாகிறாள். மதுரை எரிகிறது. அதன் பின்னர் அவள் புகாருக்குத் திரும்பி, தன் வீட்டில் மீண்டும் அடுப்பு மூட்டியிருக்க முடியுமா? இளங்கோவடிகள் அப்படியொரு காட்சியை எழுதவில்லை. அவள் சேரநாட்டு மலையொன்றை அடைந்து, பதினான்காம் நாள் விண்ணுலகம் செல்கிறாள். சேரன் செங்குட்டுவன் அவளுக்குச் சிலை எடுக்கிறான். அவளே இலங்கையில் பத்தினித் தெய்வமாக வணங்கப்படுகிறாள். கண்டி எசல பெரஹராவில் வருடந்தோறும் செல்லும் தேவாலய ஊர்வலங்களுள் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலமும் ஒன்று. ஊரை எரித்தவளை ஊர் வணங்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியாக ஏற்றுக்கொள்வது கடினம். ஆகவே சிலப்பதிகாரத்தின் பதில், "திரும்ப முடியாது" என்பதே.

இரண்டாவது பதில் முஸ்லிம் ஸ்பெய்னில் இருந்து வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் இப்னு துபைல் எழுதிய "ஹை இப்னு யக்ழான்" என்ற கதையின் நாயகன், மனிதர் இல்லாத தீவொன்றில் ஒரு பெண்மானால் வளர்க்கப்படுகிறான். இயற்கையைக் கூர்ந்து நோக்கி, தன் சிந்தனையாலேயே படைத்தவனை அறிந்துகொள்கிறான். பின்னர் அப்ஸால் என்ற நண்பனுடன் மனிதர் வாழும் தீவுக்குச் சென்று, தான் அறிந்ததை அவர்களுக்குக் கற்பிக்க முயல்கிறான். அவர்களோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இறுதியில் அவன் அவர்களிடம் விடைபெற்று, பழைய தீவுக்கே போய்விடுகிறான். அங்கே பகைவர் எவரும் அவனைத் தோற்கடிக்கவில்லை. அவன் கண்டதைக் கேட்பதற்கு ஊருக்குள் ஆளில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, நாம் எல்லோரும் அறிந்த சிந்துபாத். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளில் அவன் மேற்கொள்ளும் கடற்பயணங்கள் 7. ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மலைக்கடியில் ஓடும் ஆற்றில் தெப்பத்திலே மிதந்து அவன் வந்து சேரும் நாடு ஸரந்தீப், அதாவது எமது இலங்கை. இந்தக் கதையில் பலரும் கவனியாத விடயம் ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் சிந்துபாத் உயிர் தப்பிப் பக்தாதுக்குத் திரும்புகிறான். செல்வம் இருக்கிறது, விருந்து இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சக் காலத்தில் பட்ட துன்பமெல்லாம் மறந்து, மனம் மறுபடியும் கடலை நாடுகிறது. அவனுடைய உடல் வீட்டிலே, உள்ளம் துறைமுகத்திலே.

அப்படியானால் அவன் உண்மையில் எப்போது வீடு திரும்பினான்? கதையின் தொடக்கத்திலேயே அதற்கான விடை இருக்கிறது. சிந்துபாத் என்ற அதே பெயருடைய ஏழைச் சுமைதூக்கி ஒருவன் (நாம் 'நாட்டாமை' என்கிறோமே, அந்தத் தொழில்தான்) களைத்துப்போய் மாளிகை வாசலில் அமர்ந்து, தன் விதியை எண்ணிப் பெருமூச்சு விடுகிறான். மாலுமி அவனை உள்ளே அழைத்து, உணவளித்து, நாளுக்கொரு பயணமாகத் தன் கதையைச் சொல்கிறான்; ஒவ்வொரு நாளும் 100 பொற்காசும் கொடுத்தனுப்புகிறான். எல்லாக் கதைகளும் முடிந்தபோது இருவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். கொடுத்தவன் மாலுமிதான். எனினும் பெற்றவன் சுமைதூக்கி மட்டுமல்ல என்றே நான் நினைக்கிறேன். ஏழு பயணங்களின் பாரத்தையும் இறக்கிவைக்க மாலுமிக்கும் ஒரு சுமைதூக்கி தேவைப்பட்டான்.

இனி எமது கண்டிக்கு வருவோம். அறிஞர் சித்தி லெவ்வை 1838இல் கண்டியிலே பிறந்தவர். "முஸ்லிம் நேசன்" பத்திரிகையை நடத்தியவர். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர். அவ்வகையில் இக்கட்டுரையை எழுதும் நானும் அவருக்குக் கடமைப்பட்டவள். 1885இல் அவர் எழுதிய "அஸன்பே சரித்திரம்" இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. எகிப்திலே உயர்குடியிற் பிறந்த அஸன், குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்கிறான். பல இன்னல்களைக் கடந்து, ஈற்றில் எகிப்து திரும்பிப் பெற்றோரைச் சேர்கிறான்; 'பே' என்ற பட்டமும் கிடைக்கிறது. இங்கே பதில், "திரும்பலாம்" என்பது. பிரிந்த மகன் பெற்றோரைக் கண்டதும் வாசகரின் மனம் நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிந்திய வருடங்களைப் பற்றி நாம் கேட்பதில்லை.

ஆனால் அந்த நாவல் வெளிவந்த காலத்தில், தாய்நாடு திரும்ப ஏங்கிய உண்மையான எகிப்தியர் ஒருவர் இலங்கையில் இருந்தார். அவர்தான் அஹ்மத் ஒராபி பாஷா. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, படையில் உயர்ந்து, அந்நியத் தலையீட்டுக்கு எதிராக எழுந்த எகிப்தியரின் தலைவரானவர். 1882 செப்டெம்பரில் தெல் எல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்றார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 1883 ஜனவரியில் தோழர்கள் அறுவருடன் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாக 18 வருடங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்தார். சித்தி லெவ்வையோடும் வாப்பிச்சி மரைக்காரோடும் சேர்ந்து முஸ்லிம்களின் கல்விக்கு ஊக்கமளித்தார். 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கண்டி ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரிலான கலாசார நிலையமாக இருக்கிறது.

1901இல் மன்னிப்புக் கிடைத்து அவர் எகிப்து திரும்பினார். நாவலாக இருந்தால் கதை இங்கே இனிதே முடிந்திருக்கும். நடந்தது வேறு. நாடு ஆங்கிலேயரின் கையில் இருந்தது. அந்த இழப்புக்கு இவரே காரணம் என்று புதிய தலைமுறையினர் பலர் பழி கூறினர். புகழ்பெற்ற கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரைப் பரிகசித்துக் கவிதை எழுதினார். 1911இல் கெய்ரோவில் அவர் காலமானார். எகிப்து அவரைத் தேசிய வீரராகக் கொண்டாடியது பிற்காலத்தில்தான்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. சிறைப்பட்டவராக வந்த ஊரில் அவரால் அயலவராக வாழ முடிந்தது. பள்ளிவாசலுக்குப் போகவும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசவும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். பிறந்த நாட்டிலோ, அவர் ஒரு தோல்வியின் பெயராக மட்டுமே பலர் கண்ணுக்குத் தெரிந்தார்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று புலப்படுகிறது. சாதாரண வாழ்க்கை என்பது நாயகன் தனியே நடந்து போய்ச் சேரும் இடமல்ல; ஊர் அவனுக்கு விட்டுக்கொடுக்கும் இடம். கண்ணகியை ஊர் மிக உயரத்தில் வைத்தது. ஹை சொன்னதை ஊர் கேட்கவில்லை. ஒராபியை ஊர் குற்றவாளியாக்கியது. மிக உயர்த்துவதும் மிகத் தாழ்த்துவதும் ஒருவரை வெளியே நிறுத்திவைக்கும் இரண்டு வழிகள். சிந்துபாதுக்கு மட்டும் கேட்பதற்கு ஒருவன் கிடைத்தான்.

நாயகனின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. சிறிய வேலைகளை இழிவாக எண்ணாதிருப்பதே அது. இதற்கு நாம் கற்பனைக் கதைகளைத் தேடவேண்டியதில்லை. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கு உதவியாக வேலை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் பதிலளித்ததை நாம் ஹதீஸில் படித்திருக்கிறோம். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்களுக்கு வீட்டு வேலை சிறியதாகத் தெரியவில்லை.

கடைசியாக, எமது ஊரைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் மாதத்தில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டதை இங்குள்ள எவரும் மறக்கமாட்டார். அன்று எமது அயலில் ஒரு நானா, நடக்க முடியாத வயதான ஒருவரைத் தோளிலே சுமந்து பாதுகாப்பான வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவரும் சிறிய கடை வைத்திருப்பவர்தான். சில வாரங்கள் எல்லோரும் அவரை வீரன் என்றார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

பல மாதங்களின் பின், தேயிலை வாங்கப் போன இடத்தில் என் தங்கை அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "நானா, அண்டைக்கு உங்களுக்குப் பயமா இருக்கல்லையா?"

அவர் தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்டைக்குப் பயம் வரல்ல தங்கச்சி. திரும்பக் கடையைத் தொறந்த அண்டைக்குத்தான் கை நடுங்கிச்சு. அத இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல."

அன்று நாங்கள் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அவர் பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். தங்கையின் பழைய கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான். கதை முடிந்த பின் நாயகன் எங்கும் போவதில்லை. எமது தெருவிலேதான் இருக்கிறான். காலையில் கடையைத் திறக்கிறான். அவன் கையிலிருந்து தேயிலையை வாங்கிக்கொண்டு, "எப்படி இருக்கிறீங்க நானா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்பது எமது வேலை.