அடுப்புக் கரியில் பூத்த கிராமம்

கிணற்றில் பூ, கோழிக்கூட்டில் பூ, நாய்க்கூண்டிலும் பூ. தெற்குப் போலந்தில், தார்னுவ் நகருக்கு வடக்கே உள்ள ஸாலிப்பியே கிராமத்துக்குப் போனால் இப்படிப் பூ வரைந்த வீடுகளைப் பார்க்கலாம். ஊரின் புனித சூசையப்பர் தேவாலயத்துக்குள்ளும் அதே பூக்கள்தான்.

இந்த அழகின் தொடக்கம் புகை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த மரவீடுகளில் அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. கூரைத் துளை வழியாகப் போனது போக, மிச்சப் புகையெல்லாம் சுவரில் கரியாகப் படியும். அந்தக் கருமையை மறைக்கப் பெண்கள் சுண்ணாம்பைக் குழைத்து வெள்ளைப் பொட்டுகள் வைத்தார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் புகைபோக்கி வந்தது, சுவர் வெளுத்தது. பொட்டு வைத்துப் பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. பூ வரையத் தொடங்கின.

கடைச் சாயம் வாங்க வசதி ஏது? கரியும் களிமண்ணும்தான் வண்ணம். மாவுருண்டை வேகவைத்த தண்ணீரில் மிதக்கும் கொழுப்பை அதில் கலந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பசுவின் வால்மயிரைக் குச்சியில் கட்டினால் தூரிகை தயார். விதைப்பு வேலை ஓய்ந்ததும், ஜூன் வாக்கில் வரும் நற்கருணைத் திருவிழாவுக்குள் வீட்டுக்குப் புது வண்ணம் ஏறிவிடும்.

இந்தக் கலையை ஊருக்கு வெளியே கொண்டுசேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஃபெலிட்சியா சுரிவோவா (1904–1974). தன் வீட்டில் சுவர், கூரையின் உட்புறம், அடுப்பு என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் மறைவுக்குப் பிறகு அந்த வீடு அருங்காட்சியகமானது.

உலகப் போர் போலந்தைச் சிதைத்துப் போட்டிருந்த நேரம், 1948இல், 'வண்ணக் குடிசை' போட்டி இங்கே முதன்முதலாக நடந்தது. இடிபாடுகளுக்கு நடுவே பூ வரையச் சொல்லி ஒரு போட்டி! 1965 முதல் அது ஆண்டுதோறும் நடக்கிறது. திருவிழாவை ஒட்டி நடுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள்.

போட்டி இல்லாவிட்டால் இந்தப் பூக்கள் இத்தனை காலம் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் பரிசுக்காக மட்டும் யாரும் நாய்க்கூண்டுக்குப் பூ வரைந்துகொண்டிருக்க மாட்டார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கைப்பழக்கம் அது. ஊருக்குப் பொதுவாக 'ஓவியப் பெண்கள் இல்லம்' ஒன்றும் இருக்கிறது. புதியவர்கள் அங்கே தூரிகை பிடிக்கப் பழகலாம்.

போலந்து செல்பவர்கள் கிராக்கோவ் நகரோடு திரும்பிவிடாமல் இங்கேயும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அருங்காட்சியகம் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை குடும்பங்கள் வாழும் வீடுகள். படம் எடுக்கும் முன் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள்.