காமிராவும் மூக்குக் கண்ணாடியும்

கரும்பலகையில் எழுதியிருக்கும் கணக்கைப் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும் பிள்ளை ஒருவன் ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் இருப்பான். உபாத்தியாயரிடம் 'மந்தம்' என்றும், வீட்டில் 'அசட்டை' என்றும் பெயர் வாங்குவதற்கு அதுவே போதும். ஆனால் அவன் புத்தியில் குறை ஒன்றும் இல்லாதிருக்கலாம். கண்ணுக்குள் உருவம் விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் விழுகிறது, அவ்வளவுதான் சமாசாரம்.

இதை விளங்கிக்கொள்ள வீட்டில் ஒரு பூதக் கண்ணாடி இருந்தால் போதும். பகல் வேளையில் அறையின் மற்றக் கதவுகளைச் சாத்திவிட்டு, திறந்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே அதைப் பிடித்து, மெள்ள முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில், வெளியே நிற்கும் தென்னை மரம் வர்ணங்களோடு சுவரில் தலைகீழாகத் தோன்றும். காமிராவும் இப்படிப்பட்ட ஓர் இருட்டறைதான். அந்த லத்தீன் சொல்லுக்கே அறை என்றுதான் பொருள்.

கண்ணாடி வில்லை ஒளியை எப்படி வளைக்கிறது? கெட்டியான சாலையிலிருந்து மாட்டு வண்டி சாய்வாக மணலில் இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மணலைத் தொட்ட சக்கரம் தயங்குகிறது, மற்றது தயங்கவில்லை, வண்டி திரும்பிவிடுகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. ஆகவே சாய்வாக நுழையும் கிரணமும் அவ்வாறே திரும்புகிறது. லென்ஸின் நடுவில் நேராகப் புகும் கிரணம் திரும்புவதில்லை. விளிம்பை நெருங்க நெருங்கச் சாய்வு அதிகம், திருப்பமும் அதிகம். இப்படி எல்லாக் கிரணங்களும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

கிட்டத்திலுள்ள பொருளைப் படம் எடுக்கக் காமிராவில் லென்ஸை முன்னே நகர்த்துகிறோம். மீனின் கண்ணிலும் லென்ஸ் நகரத்தான் செய்கிறது. நம் கண்ணோ நகர்த்தாமல், லென்ஸையே தடிக்கவும் மெலியவும் செய்கிறது. ஆனால் ஒளியை வளைக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இந்த லென்ஸ் அல்ல, கண்ணின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலமே. ஆற்றில் முழுகிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான்: தண்ணீருக்கும் அந்தப் படலத்துக்கும் ஒளியின் வேகத்தில் அதிக வித்தியாசம் இல்லை. கண்ணுக்குள் விழும் பிம்பம் தலைகீழானது என்பதை 1604-ஆம் ஆண்டிலேயே கெப்ளர் விளக்கினார். அதை நிமிர்த்திப் புரிந்துகொள்வது மூளையின் காரியம்.

வளர்ந்தவர்களின் விழி சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் கிட்டப் பார்வை சுமார் இரண்டரை டயாப்டர் ஆகிவிடும். ஒரு மீட்டரை இரண்டரையால் வகுத்தால் 40 சென்டிமீட்டர். அதாவது ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல்! நடு மெலிந்த குழி லென்ஸ் கிரணங்களைச் சற்று விரித்து அனுப்பி, அவை விழித்திரையில் போய்க் கூடும்படி செய்கிறது. டாக்டரின் சீட்டில் 'மைனஸ்' என்றிருப்பது இதையே குறிக்கும். விழி குட்டையாக இருந்தால் நடு தடித்த குவி லென்ஸ் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் சாளேசுரம் வருகிறது. பத்திரிகையைக் கை நீளத்துக்கு எட்டிப் பிடித்துக்கொண்டே, "இப்போதெல்லாம் பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்ற அபிப்பிராயம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. பெண் குழந்தையானால் கல்யாணத்தைப் பற்றிய கவலை வேறு. வருஷா வருஷம் நம்பர் ஏறுகிறதே என்பார்கள். குழந்தையின் உடம்போடு விழியும் வளர்வதால் ஏறுகிறதே தவிர, அந்தக் கண்ணாடி செய்த குற்றம் அல்ல. சீன தேசத்தில் குவாங்ஜோ நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் குழந்தைகளைத் தினமும் 40 நிமிஷம் அதிகமாக வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குப் புதிதாகக் கிட்டப் பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு வந்தது. 2015-இல் வெளியான இந்த முடிவைப் பார்த்தால், சாயங்கால விளையாட்டை நிறுத்திவிட்டு ட்யூஷனுக்கு அனுப்பும் பெற்றோர்களைப் பற்றி என்ன சொல்வது!

ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் குழந்தைக்கே அது தெரியாது. மூளை மங்கலான பிம்பத்தைப் புறக்கணித்துவிட்டு நல்ல கண்ணைக் கொண்டே காலம் தள்ளும். பல வருஷங்கள் இப்படிக் கழிந்தால், பிறகு கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணுக்குத் தெளிவு முழுவதும் கிடைப்பது அரிது. ஆகையால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் செய்து, கூடத்தின் மறுகோடியிலிருந்து காலண்டரிலுள்ள எழுத்துக்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் செய்யுங்கள். தடுமாறினால், ஒரு தடித்த காகிதத்தில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துத் தெளிந்தால், பெரும்பாலும் கண்ணாடியினால் தீரும் குறைதான். தெளியாவிட்டால், கடைக்காரரிடம் அல்ல, கண் டாக்டரிடமே அந்த வாரத்துக்குள் அழைத்துப் போக வேண்டும்.