கார்டு புதுசு, ரசீது எங்கே?

புதிய கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட் இழுக்கும், எந்த விளையாட்டில் நொடிக்கு எத்தனை பிரேம் தரும், அடுத்து வரும் பிராசஸர் எந்த சாக்கெட்டில் உட்காரும் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதே பிள்ளையிடம், வாங்கிய கடையின் பதிவுப் பெயர் என்ன என்று கேளுங்கள், முழிப்பான். ரசீதைக் காட்டச் சொன்னால் அம்மாவைப் பார்ப்பான். அம்மாவோ, இடத்தை அடைக்கிறதே என்று பெட்டியோடு சேர்த்து எறிந்தாயிற்று என்பார்.

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து பொடிநடையாக எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். அங்கே வாங்கி ஏமாந்தவர்களிடம் பேசினால் பத்தில் எட்டுப் பேருக்குச் சட்டம் சாதகமாகவே இருக்கும், ஆனால் கையில் ஒரு தாளும் இருக்காது. கடைக்காரர் தட்டிக் கழித்த கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள். வாங்கிய தேதி கேட்டால் தெரியாது.

இந்த ஆண்டு ஆட்டம் இன்னும் மோசமாக இருக்கப்போகிறது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிவிட்டது. குருஷியல் என்ற பெயரில் நாம் பல காலம் வாங்கிய ராம் விற்பனையை நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. என்விடியா 2026 ஜனவரியில் லாஸ் வேகஸ் சிஇஎஸ் கண்காட்சிக்கு வந்தும் விளையாட்டுப் பிரியர்களுக்கான புதிய கார்டு எதையும் காட்டவில்லை. இன்டெல்லின் அடுத்த பிராசஸரான நோவா லேக் 2026 கடைசியில் வரும் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஏஎம்டி தன் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் தொடர்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. உறுதியான செய்தி இவ்வளவுதான். மற்றபடி யூடியூபில் ஓடுவதில் பெரும்பாலானது வதந்தி.

வதந்தியை நம்பி முன்பணம் கட்டுவதுதான் முதல் ஆபத்து. தயாரிப்பாளர் விலையையே சொல்லாத பொருளுக்கு 'வந்ததும் உனக்குத்தான் முதல் கார்டு' என்று யாராவது காசு கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். அறிவிக்கப்பட்ட பொருளாக இருந்தாலும் மாடலின் முழுப் பெயர், மொத்த விலை, எந்தத் தேதிக்குள் தருவார்கள், தராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புமா என்ற நான்கும் எழுத்தில் இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். இங்கே பலர் தவறாக நம்பும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிவிட்டு மனம் மாறினால் திருப்பித் தரும் உரிமை சிங்கப்பூரில் பொதுவாகக் கிடையாது. வீட்டுக் கதவைத் தட்டி விற்பது போன்ற சில வகை விற்பனைகளுக்கு மட்டுமே அந்த அவகாசம் உண்டு. அடுத்த வாரம் விலை குறைந்துவிட்டது, நண்பன் வேறு கார்டு நல்லது என்கிறான் என்பதெல்லாம் எடுபடாது.

இரண்டாவது ஆபத்து பெயரில். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 16 ஜிபி கார்டும் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கதையும் அதுவே. 2025இல் வெளியானபோது அமெரிக்க விலையில் இரண்டுக்கும் 50 டாலர்தான் வித்தியாசம், ஆனால் புதிய விளையாட்டுகளில் 8 ஜிபி மூச்சு வாங்கும். ரசீதில் வெறுமனே '5060 டிஐ' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். '16 ஜிபி' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மூன்றாவது, பெட்டிக்குள்ளேயே இருக்கும் குறை. 2025 பிப்ரவரியில் என்விடியா ஒன்றை ஒப்புக்கொண்டது. 5090, 5080, 5070 டிஐ கார்டுகளில் மிகச் சிறு பங்கு, படத்தைத் தீட்டி முடிக்கும் ஆர்ஓபி அலகுகள் இருக்க வேண்டியதைவிட எட்டு குறைவாகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருந்தது. வேகத்தில் சராசரியாக 4 விழுக்காடு அடி. கார்டு ஓடும், படம் வரும், வாங்கியவருக்கு எதுவும் தெரியாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஆர்ஓபி என்ற கட்டத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 5090இல் 176, 5080இல் 112, 5070 டிஐயில் 96 இருக்க வேண்டும். 168, 104, 88 என்று காட்டினால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கிய அன்றே பாருங்கள்.

பிராசஸரில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் பல, மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறியதால் உள்ளுக்குள்ளேயே சீரழிந்தன. விளையாட்டு நடுவில் நின்றுபோகும், 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று திரை சொல்லும். அதை நம்பி நல்ல கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிவிட்டுப் புதுக் கார்டு வாங்கியவர்கள் உண்டு, குற்றவாளி பிராசஸராக இருந்தபோது! இன்டெல் 2024 ஜூலையில் காரணத்தைச் சொன்னது. ஆகஸ்டில், பெட்டியில் வந்த பிராசஸர்களின் உத்தரவாதத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. அந்த உத்தரவாதம் இன்னும் பலருக்கு உயிரோடு இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. பெட்டியில் வந்ததா, பெட்டி இல்லாமல் 'டிரே' சரக்காக வந்ததா என்று பாருங்கள். பெட்டி என்றால் இன்டெல்லிடமே நேராகப் போகலாம். டிரே என்றால் விற்றவரிடம்தான் போக வேண்டும். பயோஸைப் புதுப்பித்தால் இனி வரும் சேதம் தடைபடும், நடந்த சேதம் திரும்பாது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

லெமன் சட்டம் என்று இங்கே சொல்லப்படுவது, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் பிரிவு. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கடைக்காரர் தலையில். 6 மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலைக்கு மாறிவிடும். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேட்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லை என்றால் விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணமோ கேட்கலாம். பயன்படுத்திய காலத்துக்கு ஒரு தொகையைக் கழிக்க இடமுண்டு. நிறுவனமாக நடக்கும் கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். நீங்களே கெடுத்ததற்குப் பொருந்தாது.

கடைசி வாக்கியம் முக்கியம். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் மின்செருகி உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. உங்கள் கடைக்காரரும் அதையேதான் சொல்வார். ஆகவே கார்டைப் பொருத்திய அன்று, செருகி இடைவெளி இல்லாமல் முழுதாக உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள், பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கார்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்பது அதில் தெரிய வேண்டும்.

'எங்களிடம் வராதே, டிஸ்ட்ரிபியூட்டரிடம் போ' என்பது சிம் லிம்மில் காலங்காலமாகக் கேட்கும் பதில். போய்விடாதீர்கள். உங்களுக்கு விற்றவர் கடைக்காரர், சட்டப்படி பொறுப்பும் அவருடையது. விநியோகஸ்தர் தரும் உத்தரவாதம் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வசதி. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அந்தப் பலகைகள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. லெமன் சட்டத்தின் 6 மாத விதியை நாலு மொழியிலும் கல்லாவுக்கு மேல் ஒட்டச் சொல்ல ஓர் அதிகாரிக்கும் தோன்றவில்லை. சட்டம் இயற்றுவதில் காட்டிய சுறுசுறுப்பில் பாதியை அதைச் சொல்வதில் காட்டியிருக்கலாம்.

கடைக்காரரிடம் வாயால் சண்டை போடாதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வாங்கிய தேதி, ரசீது எண், மாடல், வரிசை எண், குறை என்ன, எந்த நாள் தொடங்கியது, 14 நாளுக்குள் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும் என்று எழுதுங்கள். கார்டை ஒப்படைத்தால், வரிசை எண் குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.

பதில் இல்லையா? கிம் மோ ரோடு 170இல், உலு பாண்டான் சமூகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம், அதாவது எல்லாரும் கேஸ் என்று சொல்லும் அமைப்பிடம், இணையம் வழியாகவே புகார் தரலாம். கடையோடு பேசுவார்கள், சமரசம் செய்வார்கள். ஆனால் கேஸ் அரசாங்க அலுவலகமும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. அவர்களால் யாருக்கும் உத்தரவு போட முடியாது. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையமும் தொடர்ந்து ஏமாற்றும் கடைகள்மேல் தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போகுமே தவிர, உங்கள் ஒருவரின் பணத்தை வாங்கித் தராது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஓராண்டு காத்திருந்து கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

உத்தரவு போடும் இடம் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம், மக்கள் வாயில் ஸ்மால் கிளெய்ம்ஸ். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை கேட்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தாண்டினால் கதவு மூடிவிடும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. அதைத் தாண்டி 10,000 வரை 20 வெள்ளி. வழக்கறிஞருக்கு அங்கே அனுமதியே இல்லை, எதிர்த் தரப்புக்கும்தான்.

அரசு நீதிமன்றங்களின் சிஜேடிஎஸ் இணையதளத்தில் சிங்பாஸ் கொண்டு நுழைந்து, படிவத்தை நிரப்பி, ரசீது, படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடையின் பெயர்ப்பலகையில் ஒன்று இருக்கும், பதிவில் வேறொன்று இருக்கும். வழக்குப் பதிவுப் பெயரில்தான் போட வேண்டும். ரசீதில் உள்ள யுஇஎன் என்ற பதிவு எண்ணை வைத்து, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அந்த நிறுவனத்தின் விவரத்தாளை வாங்குங்கள், 5 வெள்ளி 50 காசு. ரசீது இல்லையென்றால் இங்கேயே நின்றுபோவீர்கள். பிறகு கலந்துரையாடலுக்கான தேதி வரும். அறிவிப்பை எதிர்த் தரப்புக்குச் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததைத் தளத்தில் பதிவு செய்வது உங்கள் வேலை. அந்தத் தேதிக்கு நீங்கள் வராமல் போனால் கோரிக்கை அத்தோடு முடிந்துபோகலாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த மன்றம் பல்லில்லாதது என்று நினைப்பவர்களுக்கு 2014 நினைவிருக்கும். சிம் லிம்மில் மொபைல் ஏர் என்ற கைப்பேசிக் கடை, இதே மன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு 1,010 வெள்ளியைச் சில்லறைக் காசாகக் கொட்டி அவமதித்தது. அவமானம்தான், ஆனாலும் பணம் வந்தது. அதே கடையில் வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர் மண்டியிட்டு அழுத காணொளி உலகம் சுற்றியது. உரிமையாளர் ஜோவர் சியூவுக்கு 2015 நவம்பரில் 33 மாதச் சிறை கிடைத்தது. இவையெல்லாம் நடந்த 2014இல் லெமன் சட்டம் நடப்புக்கு வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது.

கரோசெலில் தனியாளிடம் வாங்குபவர்களுக்கு லெமன் சட்டம் துணைக்கு வராது. பொய் சொல்லி விற்றிருந்தால் நடுவர் மன்றம் போகலாம், ஆனால் விற்றவரின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும். எம்ஆர்டி வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு பேநவ் அனுப்பிவிட்டு ஓடினால் யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? சிப்பையே கழற்றிவிட்டு வெறும் கூட்டை 4090 என்று விற்ற மோசடிகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஓட்டிக் காட்டாத கார்டுக்குப் பணம் தராதீர்கள். பொருளே வரவில்லை என்றால் உடனே வங்கிக்குச் சொல்லி, போலிசில் புகார் கொடுங்கள். மோசடியோ என்று சந்தேகம் இருந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

ஊரில் இருக்கும் தம்பிக்கு வாங்கிப் போகும் வேலை அனுமதித் தம்பிமாரே, சட்டம் உங்களுக்கும் அதேதான், சிங்பாஸும் உங்களுக்கு உண்டு. ஆனால் இங்கே வாங்கிய கார்டின் உத்தரவாதம் திருச்சியில் செல்லுமா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விமானம் ஏறும் முன் இங்கேயே ஒரு கணினியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஊருக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தால் கடைக்காரர் சிரிப்பார்.

கடைசியாக ஒன்று, மறுபடியும் ரசீதைப் பற்றியே. பெரும்பாலான கடைகள் தருவது வெப்ப அச்சுத் தாள். வெயிலும் சூடும் பட்டால் சில மாதத்தில் எழுத்து வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து உங்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெட்டியையும் குறைந்தது ஆறு மாதத்துக்கு எறியாதீர்கள், அம்மா எவ்வளவு திட்டினாலும்.