புறாத்தீவுக்குப் பஸ்ஸிலேயே போகலாம்

லீவுக்குத் திருமலை போக வேன் பிடித்து, அதற்குக் கடன் வாங்குகிற குடும்பங்களை நாங்கள் பார்க்கிறோம். பஸ் இருக்கும்போது கடன் எதற்கு? கண்டியில் ஏறினால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருமலை. அங்கே குச்சவெளி அல்லது புல்மோட்டை பஸ் எடுத்து, "நிலாவெளி கடற்கரைப் பக்கம் இறக்கிவிடுங்க" என்று கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு கொஞ்சம் நடை. கரையிலிருந்து தீவு சுமார் ஒரு கிலோமீட்டர், படகில்தான் போகணும்.

பஸ் காசு சின்னது, செலவு கரையில்தான். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கியதால் வனஜீவராசிகள் திணைக்கள டிக்கட்டும் உண்டு, படகுக் கூலியும் உண்டு. ஏறுமுன் இரண்டையும் கேளுங்கள். லைஃப் ஜக்கெட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி, மார்கழி மழையில் போக வேண்டாம். பவளப்பாறை கல்லல்ல, உயிருள்ளது. மிதித்தால் செத்துப்போகும். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று திருமலை ஸ்டாண்டிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.