மார்பகப் புற்றுநோய்: நம் கையில் இருப்பதும் இல்லாததும்



மார்பில் கட்டியோடு வரும் சகோதரிகள் பலர், "நான் என்ன பாவம் செய்தேன்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்த நோய் தண்டனை அல்ல. பெண்ணாய்ப் பிறப்பதும் வயது ஏறுவதுமே இதற்கு முக்கிய காரணங்கள். சில குடும்பங்களில் பரம்பரையும் சேர்கிறது. இவை நம் கையில் இல்லை. ஆனாலும் ஆபத்தைக் குறைக்கும் சில நல்ல வழக்கங்கள் நம் கையில் உண்டு.

முதலாவது, தாய்ப்பால். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஒரு தாய் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்குள்ள ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளம் தாய்க்கு இது எளிதல்ல. ஆனால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கான மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரமாக உயர்த்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். இதை அவளுக்கும் அவள் மாமியாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உடல் எடை. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், எடை கூடிய பெண்களுக்கு இந்நோயின் ஆபத்து அதிகமாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்ற பிறகு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் குறையட்டும். கீரையும் காய்கறியும் பயறும் கூடட்டும்.

மூன்றாவது, நடை. வாரத்தில் 5 நாள், தினம் அரைமணி நேரம் வேகமாக நடந்தாலே நல்ல பலன் உண்டு. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கலாம். பூந்தமல்லியில் கடைக்கும் ஆலயத்துக்கும் நடந்தே போகலாம்.

நான்காவது, மதுபானம். சிறிதளவானாலும் அது ஆபத்தைக் கூட்டும்.

இவ்வளவையும் கைக்கொண்ட பெண்ணுக்கும் நோய் வரலாம். கைக்கொள்ளாதவளுக்கு வராமலும் போகலாம். ஆகையால் நோயுற்ற சகோதரியைக் குற்றப்படுத்த வேண்டாம். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

இந்தப் பக்கத்தைப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். தனியே வரப் பயப்படும் ஒரு சகோதரியோடு நீங்களும் மருத்துவமனைக்குப் போங்கள். பணம் கொடுப்பதைப் போலவே அதுவும் பெரிய உதவி.