கல்லீரல் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பிறகு எத்தனை காலம்?

கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்ததும் வீட்டார் கேட்பது, "இன்னும் எத்தனை வருஷம் இருப்பாங்க டாக்டர்?" என்பதுதான். மருத்துவர் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லமாட்டார். இந்த நோயில் கட்டியை மட்டும் பார்த்துக் கணித்துவிட முடியாது. கட்டி வளர்ந்த கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கட்டியைப் பார்த்து

கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவு என்ன என்று பார்ப்பார்கள். ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தவர்களுக்கு இத்தாலியின் மிலான் நகரில் கல்லீரல் மாற்று அறுவை செய்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களில் 75 சதவீதம் பேர் உயிரோடு இருந்ததாக 1996இல் அறிவித்தார்கள். மாற்று அறுவைக்கு யார் தகுதி என்பதற்கு இன்றும் அதுதான் அடிப்படை அளவுகோல்.

கல்லீரலைப் பார்த்து

கல்லீரலின் நிலையை அளக்க 'சைல்டு–பியூ' மதிப்பெண் உண்டு. பிலிரூபின், அல்புமின், ரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், மனத் தெளிவு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். ஒருவருக்கு பிலிரூபின் 1.4, அல்புமின் 3.2, வயிற்றில் கொஞ்சம் நீர், மற்ற இரண்டும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அல்புமினுக்கும் நீருக்கும் இரண்டிரண்டு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, கூட்டினால் 7. இது நடுத்தர நிலை. 5, 6 என்றால் நல்ல நிலை, 10 அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. ஹெபடைடிஸ் வைரஸை அடக்கி, குடியை விட்டு, நன்றாகச் சாப்பிட்டால் பலருக்கு இந்த எண் இறங்கும். கட்டியின் அளவு நம் கையில் இல்லை. கல்லீரலின் நிலை ஓரளவு நம் கையில் இருக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள்

அறுவையில் கட்டியை அகற்றியவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்புகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புவது பெரும்பாலும் பழைய கட்டியின் மிச்சம். அதற்குப் பிறகு வருவது நலிந்த கல்லீரலில் புதிதாக முளைப்பது. வாடல் நோய் கண்ட மிளகுக்கொடியைப் பிடுங்கி எறிந்தாலும் பூஞ்சை மண்ணில் இருக்குமே, அப்படித்தான். ஆனாலும் நோய் திரும்பாமல் இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவரின் வாய்ப்பு முதல் நாள் சொன்னதைவிடக் கூடிவிடுகிறது. அதனால் "இன்னும் எத்தனை வருஷம்?" என்ற கேள்வியை ஒவ்வொரு பரிசோதனையின்போதும் புதிதாகக் கேளுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கொல்லிமலையின் செம்மேட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்வருவது உடம்பு தளர்ந்தவருக்குப் பெரும்பாடு; ஒருநாள் கூலியும் போகும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று தவறவிடுவது இப்படித்தான். திரும்பி வரும் கட்டி சிறியதாக இருக்கும்போது வலிக்காது. இரண்டு சோதனைகளையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய ஸ்கேன் படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள்; ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புதிய புள்ளி தெரியும்.

மாத்திரையும் மூலிகையும்

ஹெபடைடிஸ் பி இருப்பவர் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் சீறி எழும். கல்லீரல் செயலிழந்தும் போகலாம். 2018இல் தொடங்கிய, ஹெபடைடிஸுக்கான தேசியத் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். கொல்லிமலை மூலிகைக்குப் பேர்போன இடம். அந்த அறிவின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நலிந்த கல்லீரல் சில மூலிகைகளைத் தாங்காது. எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்கள்

நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எல்லோரும் ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி. தைவானில் 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கிய பிறகு சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டில் 2011 முதல் எல்லா மாநிலங்களிலும் குழந்தைகளுக்கு இது இலவசம். முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவம் வீட்டில் நடந்துவிட்டால் குழந்தையை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.